கூர்க்காவுக்கு சாவு பயமே கிடையாதா? பிஷன்பூர் மலையில சுபேதார் நேத்ரபகதூர் தாப்பாவோட கடைசி ராத்திரி

கேள்வி கேட்டவர் மூணு விஷயம் கேட்டிருக்காரு. கூர்க்காக்களுக்கு சாவு பயமே கிடையாதுன்னு சொல்றாங்களே அது நிஜமா, டியூட்டில உயிர விட்ட ஒரு கூர்க்கா சிப்பாயோட வாழ்க்கை எப்படி இருந்திருக்கும், நேபாளத்துக்காரங்க இன்னும் நம்ம ஆர்மில சேர்றாங்களா. நமக்கெல்லாம் கூர்க்கான்னா ராத்திரி விசில் ஊதிட்டு போறவர்தான் ஞாபகம் வர்றாருன்னும் எழுதியிருந்தாரு. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும், பொறுமையா படிங்க.

முதல் கேள்விக்கு என் பதில், அப்படி இல்ல. பயமே இல்லாத இனம்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. அப்படி சொல்றத பாராட்டுன்னு நினைச்சுத்தான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா செத்துப்போன அந்த மனுஷன் எடுத்த முடிவ அவர் கையில இருந்து புடுங்கி ரத்தத்துல ஊறின குணம்னு சொல்லிட்டு போறோம், எனக்கு அது சரியா படல.

இந்த பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் நம்ம முன்னாள் ராணுவத் தளபதி சாம் மானெக்‌ஷா சொன்னதா ஒரு வரிய போட்டுருவாங்க, சாவுக்கு பயம் இல்லன்னு ஒருத்தன் சொன்னா ஒண்ணு அவன் பொய் சொல்றான், இல்லன்னா அவன் கூர்க்காங்கற மாதிரி. மானெக்‌ஷா 8 கூர்க்கா ரைஃபிள்ஸ சேர்ந்தவர், சாம் பகதூர்ங்கற பேரே கூர்க்கா ஜவான்கள்கிட்ட இருந்து வந்ததுதான், கடைசி காலத்துல நம்ம நீலகிரிலதான் இருந்தாரு, 2008 ஜூன் 27ல வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரிலதான் காலமானாரு, ஊட்டிலதான் அடக்கம். தன் பசங்க மேல இருக்கற பாசத்துல அவர் அப்படி சொல்லலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. நாம வீட்ல உட்காந்துட்டு அதையே ஒரு விளக்கமா எடுத்துக்கறதுதான் பிரச்சன.

அதனால ஒரே ஒரு ஆளோட ஒரே ஒரு ராத்திரிய முழுசா சொல்றேன். சுபேதார் நேத்ரபகதூர் தாப்பா. 2/5 ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸ், அதாவது அஞ்சாவது ரெஜிமெண்ட்டோட ரெண்டாவது பட்டாலியன். 1944 ஜூன் 26 விடியறதுக்கு முன்னாடி மணிப்பூர்ல பிஷன்பூருக்கு மேல இருக்கற ஒரு மலைச்சரிவுல செத்தாரு. வயசு 28.

1916ல நேபாள மலைல பொறந்தவர். அந்தக் காலத்துல அங்க ஒரு பையனுக்கு என்ன வழி இருந்துச்சு? படிக்கட்டு படிக்கட்டா வெட்டின வயல்ல சோளம், கேழ்வரகு, கொஞ்சம் ஆடு மாடு, ராணாக்கள் ஆட்சி, பள்ளிக்கூடம்லாம் மலை கிராமத்துக்கு வரவே இல்ல. கைல காசா வர்ற ஒரே வருமானம் பட்டாளம். ரிட்டயர் ஆன பழைய சிப்பாய் ஒருத்தர் கிராமம் கிராமமா வந்து பசங்கள பார்த்து கூட்டிட்டு போவாரு, கல்லாவாலான்னு சொல்வாங்க. மேற்கு நேபாளத்து பசங்க நாள் கணக்கா நடந்து கீழ இறங்கி கோரக்பூர்ல குன்ராகாட் டிப்போவுக்கு வருவாங்க, அங்க மார்பளவு, உயரம், கண்ணு எல்லாம் பார்த்து தேறினவங்கள ரெஜிமெண்ட் சென்டருக்கு அனுப்புவாங்க. அஞ்சாவது ரெஜிமெண்ட்டோட வீடு அபோட்டாபாத், இன்னைக்கு பாகிஸ்தான்ல இருக்கு, 1858ல அங்கதான் ஆரம்பிச்சாங்க. மகர், குருங் இந்த ரெண்டு சமூகத்து ஆளுங்கதான் அதுல அதிகம். வாழ்க்கைல ரயிலையே பார்க்காத பையன் மலை இறங்கி ரயில் ஏறி வடமேற்கு எல்லைல போய் இறங்கி, தெரியாத ஊர்ல, பூட்ஸ் போட்டு நடக்க கத்துக்கறதுல இருந்து தொடங்கணும்.

குக்ரி, அதாவது அவங்களோட வளைஞ்ச கத்தி பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இது பின்னாடி வரும். உறைல இருந்து எடுத்தா ரத்தம் பார்க்காம திரும்ப வைக்க மாட்டாங்கங்கறது கட்டுக்கதை. நேபாள வீட்ல குக்ரி விறகு வெட்ட, கறி நறுக்க, புதர் வெட்ட வச்சிருக்கற பொருள், தினமும் பத்து தடவை உறைல இருந்து வெளிய வரும். உறையோட பின்பக்கம் சின்னதா இன்னும் ரெண்டு கத்தி சொருகியிருக்கும், கர்தா கூர்மையானது, சின்ன வேலைக்கு, சக்மக் மொக்கையானது, அத வச்சு பெரிய கத்திய தீட்டிக்கலாம், கல்லுல உரசி தீப்பொறி எடுக்கலாம். சின்ன வயசுல இருந்து கைல பழகின கருவிங்கறதாலதான் சண்டைல அது அவங்களுக்கு அவ்வளவு இயல்பா வருது.

சரி, பட்டாலியன் கதைக்கு வர்றேன். 2/5 பர்மா போர்ல பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. 1942 பிப்ரவரி 23 விடியக்காலைல சிட்டாங் ஆத்து பாலத்த, ஜப்பான்காரன் கைக்கு போயிடக்கூடாதுன்னு நம்ம பக்கமே வெடி வச்சு தகர்த்தாங்க, அப்ப 17வது டிவிஷனோட பெரும்பகுதி அந்தக் கரையிலேயே மாட்டிக்கிச்சு, 2/5ம் அதுல ஒண்ணு. மலைல பொறந்த பசங்க, நிறைய பேருக்கு நீச்சல் தெரியாது, மூங்கில கட்டிக்கிட்டும் பெட்ரோல் டின்ன புடிச்சுக்கிட்டும் அகலமான ஆத்த கடக்க பார்த்தாங்க. பலபேர் ஆத்தோட போனாங்க, பலபேர் கைதி ஆனாங்க. மிஞ்சினவங்கள வச்சு பட்டாலியன திரும்ப கட்டினாங்க. அடுத்த வருஷம் மே மாசம் சின் மலைல இதே பட்டாலியனோட ஹவில்தார் கஜே காலே பிரிட்டனோட உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினாரு. 1944 மார்ச்ல ஜப்பான் இம்பால் மேல பாய்ஞ்சப்ப பர்மால டிட்டிம்ல இருந்த 17வது டிவிஷன் வழி நெடுக சண்டை போட்டுக்கிட்டே இம்பாலுக்கு பின்வாங்கிச்சு. அங்க வந்தும் ஓய்வு இல்ல. ஜூன் கடைசில கைல இருந்தது பெரும்பாலும் புதுப் பசங்க, சின்ன வயசு நாயக்குகள், லான்ஸ் நாயக்குகள். இத மனசுல வச்சுக்கோங்க, அந்த ராத்திரிக்கு இது முக்கியம்.

பிஷன்பூர் இம்பாலுக்கு தெற்க லோக்டாக் ஏரிக்கு பக்கத்துல இருக்கு, இப்ப பிஷ்ணுபூர்னு சொல்றாங்க. டிட்டிம் ரோடு இது வழியாத்தான் இம்பாலுக்கு போகுது, மேற்க மலை ஏறி சில்சாருக்கு போற தடமும் இங்க இருந்துதான் கிளம்புது. ரெண்டும் சேர்ற இடம்ங்கறதால ஜப்பானோட 33வது டிவிஷன் இத விடாம இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஜூன் 22ம் தேதியே கோஹிமா ரோடு திறந்தாச்சு, இம்பால் முற்றுகை உடைஞ்சாச்சு, வரலாற்று புத்தகம் படிக்கறவங்க அந்த தேதியோட பெருமூச்சு விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. பிஷன்பூர் மலைல இருந்தவங்களுக்கு அப்படி எந்த விடிவும் வரல, அங்க அடுத்த நாலு நாளும் சண்டை உச்சத்துல இருந்துச்சு.

அந்த மலை வரிசைல ஒவ்வொரு மேட்டுலயும் ஒரு சின்ன காவல் போஸ்ட். அதுல ஒண்ணுக்கு மார்ட்டர் பிளஃப்னு பேரு வச்சிருந்தாங்க. கொஞ்சம் தெற்க அத விட உயரத்துல வாட்டர் பிக்கெட்னு இன்னொண்ணு. ஜூன் 24 ராத்திரி வாட்டர் பிக்கெட்ட ஜப்பான் புடிச்சிருச்சு. அதாவது மார்ட்டர் பிளஃப்ல உட்காந்திருக்கறவன் தலைக்கு மேல இருந்து எதிரி அவன பார்த்துக்கிட்டே இருக்கான். மறைவுன்னு சொல்லிக்க ஒரு மரம் புதர் கிடையாது, மொட்ட மேடு. பக்கத்துல இருக்கற நம்ம போஸ்ட் 400 கெஜம் தள்ளி, அங்க இருந்து மூணு இஞ்ச் மார்ட்டர் ஓரளவுக்கு உதவலாம், அவ்வளவுதான். இவ்வளவு மோசமான இடத்த ஏன் வச்சுக்கணும்னு கேட்டா, அது போச்சுன்னா அந்த மலை முதுகுல கீழ இருக்கற மத்த போஸ்ட் எல்லாம் ஆபத்துல, கடைசியா பிஷன்பூரும் ஆபத்துல.

ஜூன் 25 சாயங்காலம் ஆறரைக்கு நேத்ரபகதூர் 41 பேரோட அந்த போஸ்ட்ட பொறுப்பேத்துக்கிட்டாரு. மாறிக்கும்போதே பக்கத்துல இருந்து ஸ்னைப்பர் சுட்டுக்கிட்டே இருந்தான், அப்படியும் ஒருத்தருக்கும் அடி படாம மாத்திட்டாங்க. பிரிட்டிஷ் ஆபீசர் யாரும் அங்க இல்ல. சுபேதார்ங்கறது ஜவானுக்கும் வெள்ளக்கார ஆபீசருக்கும் நடுவுல இருக்கற பதவி, சிப்பாயா சேர்ந்து படிப்படியா மேல வந்தவர், பசங்களுக்கு சுபேதார் சாப்னா ஊர்ப் பெரியவர் மாதிரி. அன்னிக்கு அந்த மேட்டுல எல்லா முடிவும் அவரோடது.

ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு, ஜப்பான்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க. 75 எம்எம் பீரங்கி ஒண்ணு, 37 எம்எம் ஒண்ணு, ரெண்டையும் மேல உயரத்துக்கு கொண்டு வந்து அந்த குறுகலான இடத்துக்குள்ள நேருக்கு நேரா பத்து நிமிஷம் குண்டு குண்டா இறக்கினாங்க. அடுத்த நிமிஷமே குறைஞ்சது ஒரு கம்பெனி, அதாவது நூறு பேர் அளவுக்கு இருக்கற ஒரு படைப்பிரிவு ஏறி வந்தாங்க. பசங்க தாக்குப்புடிச்சு அடிச்சு விரட்டினாங்க. இந்த நேரம் பூரா சுபேதார் ஒரு பதுங்குகுழில இருந்து இன்னொண்ணுக்கு போயி அந்தச் சின்னப் பசங்களோட பேசறதும் அடிபட்டவங்கள பார்க்கறதுமா இருந்தாரு.

கொஞ்ச நேரம் அடங்கிச்சு. அப்ப அவர் ஃபீல்டு டெலிபோன எடுத்து கமாண்டிங் ஆபீசர்கிட்ட நிலவரத்த தெளிவா, சுருக்கமா ரிப்போர்ட் பண்ணி, பீரங்கி ஆதரவு இன்னும் வேணும்னு கேட்டாரு. இது செத்த பிறகு அவருக்கு குடுத்த விக்டோரியா கிராஸோட விருதுக் குறிப்புலயே இருக்கு. எனக்கு அந்தக் குறிப்பு மொத்தத்துலயும் அதிகம் உறைச்சது இந்த இடம்தான். தலைக்கு மேல பீரங்கி, சுத்தி அடிபட்டவன் முனகல், அந்த நேரத்துல ஒரு மனுஷன் போன்ல உளறாம, கத்தாம, என்ன நடந்துச்சு, என்ன மிச்சம் இருக்கு, என்ன வேணும்னு சொல்றான். வெறில சண்டை போடறவன் இப்படி பேச மாட்டான்.

அடுத்த தாக்குதல் கும்மிருட்டுல, கொட்டுற மழைல வந்துச்சு. ஜூன் மாச மணிப்பூர் மழை. இந்த தடவை காட்டுக்குள்ள சுத்தி வந்து, மரம் முடிஞ்சு மொட்ட மேடு தொடங்கற இடத்துல இருந்து பாய்ஞ்சாங்க. கொஞ்ச நேரம் நம்மாளுங்க நிறுத்தி வச்சாங்க. அப்பதான் அவங்கள்ல சின்ன குழு ஒண்ணோட, அதாவது ஒரு செக்‌ஷனோட லைட் மெஷின் கன்னும் டாமி கன்னும் ரெண்டும் ஒண்ணா ஜாம் ஆயிடுச்சு. துப்பாக்கி வாயடைச்சதும் எதிரி உள்ள புகுந்துட்டான், அந்த செக்‌ஷன், பக்கத்து செக்‌ஷன் ரெண்டும் சேர்த்து 16 பேர்ல 12 பேர் செத்தாங்க இல்ல அடிபட்டாங்க. ரிசர்வ்னு ஒரு ஆள் கூட கைல இல்ல, அதனால சுபேதாரே முன்னாடி போய் கையெறி குண்டு வீசி அவங்கள அதுக்கு மேல வர விடாம நிறுத்தினாரு.

இப்ப நிலைமைய பாருங்க. பாதிக்கு மேல ஆள் போச்சு, தோட்டா குறைவு, தன்னோட எல்லைக்குள்ளயே ஒரு பகுதில எதிரி உட்காந்திருக்கான். அவர் பின்வாங்கியிருந்தா நியாயம்தான்னு விருதுக் குறிப்பே சொல்லுது, யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் மறுபடி போன் பண்ணாரு. நான் இங்கேயே நிக்கறேன், ஆளும் தோட்டாவும் அனுப்புங்கங்கறதுதான் அந்த ரெண்டாவது ரிப்போர்ட்டோட சாரம். அதுக்கப்புறம் ஒருத்தர் கூட குழிய விட்டு அசையல, எதிரி எவ்வளவு முட்டியும் ஒரு கெஜம் மேல வர முடியல, மணி நாலு ஆகற வரைக்கும் இப்படியே.

விடியக்காலை நாலு மணிக்கு எட்டு பேர் கிரனேடும் தோட்டாவும் சுமந்துக்கிட்டு மேல வந்து சேர்ந்தாங்க. வந்த சத்தத்துல ஜப்பான்காரங்க சுட ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நேரத்துல எட்டு பேரும் விழுந்துட்டாங்க. அவங்க பேர் எதுவும் அந்தக் குறிப்புல இல்ல, ஆனா அந்த இருட்டுல மழைல அந்தச் சரிவுல பெட்டிய தூக்கிட்டு ஏறினவங்களும் அதே பட்டாலியனோட பசங்கதான். நேத்ரபகதூர் விழுந்து கிடந்த தோட்டாவ பொறுக்கி எடுத்தாரு, தன் பிளாட்டூன் ஹெட்குவார்ட்டர்ஸ்ல மிச்சம் இருந்தவங்கள கூட்டிக்கிட்டு கிரனேடும் குக்ரியுமா இவரே எதிர்த்தாக்குதலுக்கு போனாரு. வாயில ஒரு தோட்டா பட்டுச்சு. அப்புறம் ஒரு கையெறி குண்டு, அதுலதான் உயிர் போச்சு. மறுநாள் உடம்ப கண்டுபுடிச்சப்ப கைல குக்ரி இருந்துச்சு, பக்கத்துல மண்டை பிளந்து ஒரு ஜப்பான் சிப்பாய்.

எல்லாரும் சொல்றது இந்த கடைசி காட்சியத்தான், குக்ரி, பிளந்த மண்டை. நான் பார்க்கச் சொல்றது அந்த ரெண்டு போன் காலையும் நடுவுல போன மணி நேரங்களையும். தனக்கு கீழ இருக்கறது சின்னப் பசங்க, தான் நகர்ந்தா அவங்க நகருவாங்க, அவங்க நகர்ந்தா கீழ இருக்கற போஸ்ட்ல தூங்காம உட்காந்திருக்கறவன் முதுகுல குண்டு விழும். இத தெரிஞ்சு கணக்கு போட்டு எடுத்த முடிவு அது. பயம் இருந்திருக்கும், இல்லாம எப்படி இருக்கும். பயம் இருந்தும் போன்ல அவ்வளவு நிதானமா பேசினாரு பாருங்க, அதுதான் அவர்.

அன்னிக்கே, ஜூன் 26 காலைல, அதே 2/5 ஆளுங்க அந்த மேட்ட திரும்ப புடிச்சாங்க. நாயக் அகன்சிங் ராய் தன் செக்‌ஷனோட மெஷின் கன்ன நோக்கி நேரா ஓடி அத இயக்கின நாலு பேர்ல மூணு பேர தானே சுட்டாரு, அப்புறம் காட்டுக்குள்ள இருந்த 37 எம்எம் பீரங்கிய தேடிப் போனாரு, பாதி தூரம் போறதுக்குள்ள அவர் செக்‌ஷன்ல மூணு பேர் தவிர மத்தவங்க விழுந்துட்டாங்க, அப்படியும் பீரங்கிய அடக்கினாரு. கடைசியா வாட்டர் பிக்கெட்ல ஒரு பங்கருக்குள்ள ஒரு கைல டாமி கன், ஒரு கைல கிரனேடுன்னு தனியா போய் முடிச்சாரு. ஒரே பட்டாலியன், ஒரே மேடு, ஒரு நாளுக்குள்ள ரெண்டு விக்டோரியா கிராஸ். அகன்சிங் ராய் உயிரோட திரும்பி 2000ம் வருஷம் வரைக்கும் வாழ்ந்தாரு.

இங்க ஒரு கேள்வி நியாயமா வரும், இவர் யாருக்காக செத்தாரு, வெள்ளக்காரனுக்காகவா? ஜப்பானோட சேர்ந்து அப்ப அதே போர்முனைல நேதாஜியோட ஐஎன்ஏ இருந்துச்சு, பிஷன்பூருக்கு கொஞ்சம் தெற்க மொய்ராங்ல ஏப்ரல் 14ம் தேதி கொடி ஏத்தினாங்க. மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து போன எத்தனையோ தமிழ்ப் பசங்க அந்தப் படைல இருந்தாங்க. கூர்க்காக்களும் இருந்தாங்க. துர்கா மல்லா, டேராடூன் பக்கத்துக்காரர், முன்னாடி கூர்க்கா ரைஃபிள்ஸ்ல இருந்தவர், ஐஎன்ஏல மேஜர் ஆனாரு, 1944 மார்ச்ல உக்ருல் பக்கம் புடிபட்டு, ஆகஸ்ட் 25ம் தேதி டெல்லியில தூக்குல போட்டாங்க. நேத்ரபகதூர் செத்து கிட்டத்தட்ட ரெண்டு மாசம். ரெண்டு பேரும் கூர்க்கா, ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம். துர்கா மல்லாவுக்கு 2004ல பார்லிமெண்ட் வளாகத்துல சிலை வச்சாங்க. ஒருத்தர தூக்கி வைக்க இன்னொருத்தர கீழ தள்ளணும்னு எனக்கு தோணல. நேத்ரபகதூர் அந்த ராத்திரி லண்டன நினைச்சா நின்னிருப்பாரு? பக்கத்துக் குழில இருந்த பையன நினைச்சுத்தான் நின்னிருப்பாருன்னு நான் நம்பறேன்.

பயம் இல்லாத இனம்ங்கற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னும் சொல்லணும், இதுல நமக்கு நேரடியா சம்பந்தம் இருக்கு. 1857க்கு அப்புறம் பிரிட்டிஷ்காரங்க இந்த ஜாதி போர் ஜாதி, அந்த ஜாதி கோழைன்னு பட்டியல் போட ஆரம்பிச்சாங்க. அதுல பெரிய கை ஃப்ரெட்ரிக் ராபர்ட்ஸ். அவர் 1881ல இருந்து 1885 வரைக்கும் மெட்ராஸ் ஆர்மியோட தலைமைத் தளபதி, அப்புறம் இந்தியா முழுசுக்கும். கூர்க்காவ தலைல தூக்கி வச்சு கொண்டாடின அதே மனுஷன் தென்னாட்டு ஆளுங்க போருக்கு லாயக்கு இல்லன்னு முடிவு கட்டினாரு, அந்த சிந்தனைலதான் மெட்ராஸ் பட்டாளங்கள ஒண்ணொண்ணா குறைச்சாங்க. அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல திரும்ப மெட்ராஸ் ரெஜிமெண்ட் கட்டி அதே பர்மாவுக்கு அனுப்ப வேண்டி வந்துச்சு. அப்ப நம்மள கோழைன்னு சொன்னது பொய்யின்னா, அதே தராசுல கூர்க்காவ பயமே தெரியாதவன்னு சொன்னத மட்டும் எப்படி அப்படியே எடுத்துக்கறது?

கூர்க்கா ரெஜிமெண்ட்டுகள்ல மொத்தம் 26 விக்டோரியா கிராஸ், அதுல 13 வெள்ளக்கார ஆபீசர்களுக்கு, 13 கூர்க்கா வீரர்களுக்கு. இந்த 13ல செத்த பிறகு வாங்கினவங்க மூணு பேர். நேத்ரபகதூர் ஒருத்தர். மத்த ரெண்டு பேரும் அதே 1944ல இத்தாலி பக்கம். ஷேர்பகதூர் தாப்பா 9 கூர்க்கா, சான் மரினோ பக்கம் ஒரு மலை முகட்டுல ப்ரென் கன்ங்கற லைட் மெஷின் கன்னோட திறந்த வெளில ரெண்டு மணி நேரம் படுத்திருந்தாரு, குழிக்குள்ள வந்துருன்னு சொன்னாங்க, வரல, ஏன்னா குழில இருந்து பார்த்தா ஜெர்மன் போஸ்ட் கண்ணுக்கு தெரியாது. கடைசில முன்னாடி அடிபட்டு கிடந்த ரெண்டு பேர தூக்க ஓடினாரு, முதல் ஆள கொண்டு வந்தாச்சு, ரெண்டாவது ஆளோட திரும்பும்போது சுட்டுட்டாங்க. தமன் குருங் 5 கூர்க்காவோட முதல் பட்டாலியன், மான்டே சான் பர்டோலோல தன் செக்‌ஷன இறங்கிப் போகச் சொல்லிட்டு ப்ரென் கன்னோட உச்சில நின்னு ரெண்டு மேகசின் காலி பண்ணி, அவங்க பத்திரமா தூரம் போனப்புறம்தான் விழுந்தாரு. மூணு பேர் கதையிலயும் பாருங்க, அவங்க நின்ன இடம் ஏன் அந்த இடம்ங்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அங்க இருந்தாத்தான் மத்தவன காப்பாத்த முடியும்ங்கற காரணம்.

கார்கில்லயும் இதையேதான் பார்க்கறேன். 1/11 கூர்க்கா ரைஃபிள்ஸ், பட்டாலிக் பகுதில காலுபார், 1999 ஜூலை 2-3 ராத்திரி. லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே, உத்தரப்பிரதேசம் சீதாப்பூர் மாவட்டத்துக்காரர், பிறப்பால கூர்க்கா இல்ல, ஆனா கூர்க்கா ரெஜிமெண்ட் ஆபீசர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் ஜவான்களோட நேபாளி பேசி, அவங்களோட தசைன் பண்டிகை கொண்டாடி அவங்கள்ல ஒருத்தரா ஆயிடணும், அவரும் ஆயிட்டாரு. அன்னிக்கு அவருக்கு குடுத்த வேலை, பொழுது விடியறதுக்குள்ள வழில இருக்கற பங்கர்கள அழிக்கணும். விடிஞ்சா பட்டாலியன் மொத்தமும் மறைவே இல்லாத சரிவுல எதிரி கண்ணுக்கு நேரா மாட்டும். முதல் பங்கர், ரெண்டாவது பங்கர் முடிச்சாரு, மூணாவதுல தோள்லயும் கால்லயும் குண்டு பட்டுச்சு, நிக்காம நாலாவது பங்கர் மேல கிரனேடோட போனாரு, நெத்தில பட்டு விழுந்தாரு. கடைசியா அவர் சொன்னதா சொல்றது நா சோட்னு, விடாதீங்கன்னு, நேபாளில. வயசு 24. பரம் வீர் சக்ரா, 2000 குடியரசு தினத்துல அவங்க அப்பா வாங்கினாரு. அதே காலுபார்ல அவரோட போன ஹவில்தார் பீம் பகதூர் திவானும் உயிர விட்டாரு, வீர் சக்ரா குடுத்தாங்க. மனோஜ் பாண்டே பேரு தெரிஞ்சவங்க தயவு செஞ்சு திவான் பேரையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசி கேள்வி, இப்பவும் சேர்றாங்களா. 1947 நவம்பர்ல இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூணும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அப்ப இருந்த 10 ரெஜிமெண்ட்ல ஆறு இந்தியாவுக்கு, நாலு பிரிட்டனுக்கு. பிரிட்டனுக்கு போக விரும்பாத ஆளுங்கள வச்சு 1948ல 11 கூர்க்கா ரைஃபிள்ஸ புதுசா எழுப்பினாங்க, அதனால நம்மகிட்ட இப்ப ஏழு. நேத்ரபகதூரோட அஞ்சாவது ரெஜிமெண்ட் நம்ம பக்கம் வந்துச்சு, அபோட்டாபாத் போனதால இப்ப அதோட சென்டர் ஷில்லாங். ஜவான்கள்ல ஒரு பங்கு டார்ஜிலிங், சிக்கிம், டேராடூன், தர்மசாலா பக்கத்து இந்திய கூர்க்காக்கள், மத்தவங்க நேபாள பிரஜைகள். காத்மாண்டு, பொக்காரா, தரான் மூணு ஊர்லயும் இந்தியா பென்ஷன் ஆபீஸ் நடத்துது. மலை மேல இருந்து வயசான சிப்பாய்களும் விதவைகளும் பென்ஷன் வேலையா இறங்கி வர்றது அங்கதான், பல கிராமங்கள்ல வீடு கட்டினதும் புள்ளைங்கள படிக்க வச்சதும் அந்த காசுதான்.

ஆனா 2020ல கொரோனாவுக்காக நிறுத்தின ஆள் எடுப்பு திரும்ப தொடங்கவே இல்ல. 2022 ஜூன்ல அக்னிபத் வந்துச்சு, நாலு வருஷ வேலை, நாலுல ஒருத்தருக்குத்தான் நிரந்தரம். இது 1947 ஒப்பந்தத்துக்கு ஒத்து வரலன்னு சொல்லி நேபாள அரசு தள்ளி வைக்கச் சொல்லிருச்சு, அதுக்கப்புறம் அங்க புதுசா ஆள் எடுக்கல. ஏற்கனவே இருக்கறவங்க ரிட்டயர் ஆகிக்கிட்டே வர்றாங்க, இப்படியே போனா இன்னும் சில வருஷத்துல நேபாளத்துல பொறந்த ஜவான் ஒருத்தர் கூட இந்திய கூர்க்கா பட்டாலியன்ல இருக்க மாட்டாரு. நேபாளப் பசங்களுக்கு மட்டும் பழைய மாதிரி முழு சர்வீஸும் பென்ஷனும் குடுக்கற தனி ஏற்பாடு ஒண்ண ரெண்டு அரசும் பேசி முடிக்கணும்ங்கறதுதான் என் கருத்து. இந்தியப் பையனுக்கு நாலு வருஷம், அவனுக்கு மட்டும் முழு சர்வீஸான்னு கேட்பாங்க, அந்தக் கேள்வில நியாயம் இருக்கு. ஆனா இன்னொரு நாட்டுக்காரன் நம்ம எல்லைல நிக்கறதுக்கு 1947ல தனியா ஒரு ஒப்பந்தம் போட்டுத்தான் கூட்டிட்டு வந்தோம், இப்பவும் தனியா ஒண்ணு போடறதுல எந்தத் தடையும் இல்ல.